சொந்தக் கணினியில் வெப் சர்வர்: எக்ஸாம்ப், வாம்ப், மாம்ப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஹெச்பி கற்றுக்கொள்பவர்களுக்கும் வேர்ட்பிரஸ் தளம் கட்டுபவர்களுக்கும் பல வருடங்களாக உதவி வருகிறேன். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. தனித்தனியாக எழுதி அனுப்பிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளியவை முதலில் வரும், போகப் போகச் சிக்கலானவை.

எக்ஸாம்ப் என்பதே ஒரு சர்வரா? உள்ளே என்னதான் இருக்கிறது?

எக்ஸாம்ப் ஒரு சர்வர் அல்ல. பல மென்பொருள்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை. பிரவுசர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அப்பாச்சி. பக்கத்துக்குள் இருக்கும் நிரலை ஓட்டுவது பிஹெச்பி. தரவைச் சேமித்து வைப்பது மரியாடிபி என்ற டேட்டாபேஸ்; பட்டனில் அது மைஎஸ்க்யூஎல் என்ற பழைய பெயரில் இருக்கும். அந்தத் தரவை பிரவுசரிலேயே பார்க்கவும் திருத்தவும் பிஹெச்பிமைஅட்மின். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு ஃபைல் உண்டு. அப்பாச்சிக்கும் மரியாடிபிக்கும் நடந்ததை எழுதிவைக்கும் தனித்தனி லாக் ஃபைலும் உண்டு. இவற்றை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தி வைத்து, ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்களோடு ஒரு கண்ட்ரோல் பேனல் கொடுப்பதுதான் எக்ஸாம்ப் செய்யும் வேலை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "எக்ஸாம்ப் ஓடவில்லை" என்று யாராவது வந்தால், "எது ஓடவில்லை, அப்பாச்சியா மரியாடிபியா?" என்றுதான் முதலில் கேட்பேன். அது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அதன் லாக்கைத் திறந்தால் மீதி அங்கேயே எழுதியிருக்கும்.

பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. இவற்றில் எதைப் போடுவது?

எல்லாவற்றுக்கும் மூலம் லாம்ப். லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஹெச்பி ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1998-இல் ஒரு ஜெர்மன் கணினி இதழில் மிஹாயேல் குன்ட்சே எழுதிய பெயர் அது. லினக்ஸுக்குப் பதில் விண்டோஸ் என்றால் வாம்ப், மேக் என்றால் மாம்ப். 2002-இல் தொடங்கிய அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் குழுவின் மூட்டை எல்லா இயங்குதளத்துக்கும் பொது என்பதால் முன்னால் எக்ஸ் வந்தது. கடைசியில் உள்ள இரண்டாவது 'பி' பெர்ல் மொழியைக் குறிக்கும்.

என் கருத்து இது. விண்டோஸில் முதல்முறை தொடுகிறீர்கள் என்றால் எக்ஸாம்ப் போதும்; எந்தப் பிழைக்கும் தேடினால் பதில் கிடைக்கும். ஒரே கணினியில் இரண்டு மூன்று பிஹெச்பி பதிப்புகளை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருந்தால் வாம்ப் வகையைச் சேர்ந்த வாம்ப்சர்வர் வசதி. மேக்கில் மாம்ப் சிரமம் தராது. லினக்ஸுக்கு இவை எதுவுமே வேண்டாம். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். இரண்டு மூட்டைகளை ஒன்றாகப் போட்டு இரண்டையும் ஓடவிடாதீர்கள். ஒரே போர்ட்டுக்கு, அதாவது நெட்வொர்க் கோரிக்கைகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலுக்கு, இரண்டும் அடித்துக்கொள்ளும்.

பிஹெச்பி ஃபைலை டபுள் கிளிக் செய்தால் கோட் அப்படியே தெரிகிறது. பிஹெச்பி சரியாக இன்ஸ்டால் ஆகவில்லையா?

இன்ஸ்டால் சரியாகத்தான் இருக்கும். டபுள் கிளிக் செய்யும்போது பிரவுசர் அந்த ஃபைலை நேராக டிஸ்கிலிருந்து படிக்கிறது. நடுவில் அப்பாச்சியும் இல்லை, பிஹெச்பியும் இல்லை. முகவரிப் பட்டையைப் பாருங்கள், "ஃபைல்" என்று தொடங்கும். ஃபைலை எக்ஸாம்பில் ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள்ளும், வாம்ப்சர்வரில் மூன்று டபிள்யூ பெயர்கொண்ட ஃபோல்டருக்குள்ளும் வைத்துவிட்டு, முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் (இந்தக் கணினியையே குறிக்கும் பெயர்) என்று தட்டி, சாய்கோடு போட்டு, ஃபைல் பெயரைக் கொடுங்கள்.

புரோகிராம் ஃபைல்ஸில் போடாதே என்று எக்ஸாம்ப் எச்சரிக்கிறது. ஏன்?

அந்த ஃபோல்டருக்குள் எழுத விண்டோஸ் அட்மின் அனுமதி கேட்கும். மரியாடிபி ஓடுகிற நேரம் முழுக்கத் தன் ஃபைல்களில் எழுதிக்கொண்டே இருக்கும். நீங்களும் ஹெச்டிடாக்ஸில் எழுதுவீர்கள். அதனால் சி டிரைவின் நேர் கீழே, இன்ஸ்டாலர் தானாகக் காட்டும் இடத்திலேயே விடுங்கள். கிளவுடோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டருக்குள்ளும் போட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை இன்னொரு மென்பொருள் நடுவில் பிடித்தால் அது கெட்டுப்போக வாய்ப்புண்டு.

அப்பாச்சிக்கு ஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நொடி பச்சை வந்து அணைந்துவிடுகிறது

இது பெரும்பாலும் போர்ட் பிரச்சினை. வெப் சர்வர் வழக்கமாக 80-ஆம் போர்ட்டிலும், பாதுகாப்பான இணைப்புக்கு 443-லும் காத்திருக்கும். ஒரு முகவரியில் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். எக்ஸாம்ப் கண்ட்ரோல் பேனலின் வலப்பக்கம் நெட்ஸ்டாட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் எந்தப் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். இரண்டாவது வெப் சர்வர், மெய்நிகர் கணினி மென்பொருள் போன்றவை அங்கே தென்படலாம்.

பிழைச் செய்தியில் 10048 என்ற எண் வந்தால் போர்ட்டை வேறொருவர் பிடித்திருக்கிறார் என்று பொருள். 10013 வந்தால் அந்தப் போர்ட்டைப் பிடிக்க விண்டோஸ் அனுமதிக்கவில்லை என்று பொருள். விண்டோஸின் மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி போன்றவை சில போர்ட் வரிசைகளைத் தமக்கென ஒதுக்கி வைத்துக்கொள்வதும் இதற்குக் காரணமாகலாம்.

பிடித்தவரை நிறுத்தலாம், அல்லது நீங்கள் நகர்ந்துகொள்ளலாம். நகர்வது எளிது. அப்பாச்சியின் முதன்மை அமைப்பு ஃபைலில் லிசன் 80 என்ற வரியை லிசன் 8080 ஆக்கி, சர்வர்நேம் வரியிலும் அதே எண்ணைப் போட்டு, அப்பாச்சியை மறுபடி தொடங்குங்கள். இனி முகவரி லோக்கல்ஹோஸ்ட்:8080. 443-இல் மோதல் என்றால் அந்த வரி வேறு ஃபைலில், எஸ்எஸ்எல் அமைப்புக்கான ஃபைலில் இருக்கிறது. 80-ஐ மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் வரவில்லை" என்று சொல்பவர்களில் பலர் இதைத்தான் விட்டிருப்பார்கள்.

80-ஐப் பிடித்திருப்பது "சிஸ்டம்", எண் 4 என்று காட்டுகிறது. சிஸ்டத்தை எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே வெப் கோரிக்கைகளை வாங்கும் ஒரு டிரைவர் இருக்கிறது. ஏதோ ஒரு விண்டோஸ் சர்வீஸ் அதனிடம் "80-ஐ எனக்காகப் பிடித்து வை" என்று சொல்லியிருக்கும். பட்டியலில் கெர்னலின் பெயர்தான் தெரியும். உண்மையில் கேட்டது யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ்ஸின் வேர்ல்ட் வைடு வெப் பப்ளிஷிங் சர்வீஸ் ஆக இருக்கும், சில நேரம் எஸ்க்யூஎல் சர்வரின் ரிப்போர்ட்டிங் சர்வீஸ். சர்வீஸஸ் பட்டியலில் அதை நிறுத்தி, தொடங்கும் விதத்தை மேனுவல் ஆக்குங்கள். அது ஆபீஸ் கணினி, அந்த சர்வீஸ் யாருக்காவது தேவைப்படும் என்றால் தொடாதீர்கள். மேலே சொன்னபடி 8080-க்குப் போய்விடுங்கள்.

"மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி" என்று சிவப்பில் வருகிறது. நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான், ஏனென்றால் இங்கே அவசரப்பட்டால் தரவு போய்விடும். முதலில் லாக் பட்டனை அழுத்தி மைஎஸ்க்யூஎல் லாக்கின் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். 3306-ஆம் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை என்று இருந்தால் பயமே இல்லை. கணினியில் இன்னொரு மைஎஸ்க்யூஎல் ஓடுகிறது, அதை நிறுத்தினால் போதும். லாக், டேபிள் கெட்டுவிட்டது என்கிற மாதிரி வரிகள் இருந்தால், முன்பு ஒருநாள் மரியாடிபியை நிறுத்தாமலே கணினி அணைந்திருக்கும்.

இந்தப் பிழைக்கு இணையத்தில் பலர் சொல்லும் வழி, டேட்டா ஃபோல்டரில் ஐபிடேட்டா1 என்ற ஃபைலை அழித்துவிடுங்கள் என்பது. செய்யாதீர்கள். ஆரம்ப காலத்தில் நான் அதைச் செய்து, மூன்று வாரம் ஒருவருக்காகத் தட்டிச் சேர்த்த பட்டியலை இழந்தேன். மரியாடிபி எழுந்தது, டேபிள் பெயர்களும் பட்டியலில் வரிசையாகத் தெரிந்தன, ஆனால் எதைத் தொட்டாலும் 1932-ஆம் பிழை: அந்த டேபிள் எஞ்சினில் இல்லை. மரியாடிபிக்குள் டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி, தன்னிடம் என்னென்ன டேபிள்கள் இருக்கின்றன என்று எழுதிவைக்கும் பதிவேடு அந்த ஒரே ஃபைலுக்குள் இருக்கிறது. தரவு தனி ஃபைல்களில் பத்திரமாக இருந்தாலும், பதிவேடு போனால் அவற்றை அடையாளம் காண ஆளில்லை.

பாதுகாப்பான வரிசை இது. எல்லாவற்றையும் ஸ்டாப் செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை முழுதாக வேறு டிரைவுக்குப் பிரதி எடுங்கள். அப்புறம் அதன் பெயரை டேட்டா_பழையது என்பதுபோல மாற்றுங்கள். பக்கத்திலேயே பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைப் பிரதி எடுத்து டேட்டா என்று பெயர் வையுங்கள். பழையதிலிருந்து உங்கள் சொந்த டேட்டாபேஸ்களின் ஃபோல்டர்களையும் ஐபிடேட்டா1 ஃபைலையும் மட்டும் புதியதற்குள் கொண்டுவாருங்கள். மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஹெச்பிமைஅட்மின் என்ற பெயருள்ள ஃபோல்டர்களைக் கொண்டுவர வேண்டாம். இப்போது ஸ்டார்ட் கொடுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லா டேட்டாபேஸையும் பிஹெச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்து வைப்பது. நீங்கள் உருவாக்கியிருந்த யூசர்கள் மட்டும் போயிருப்பார்கள். மறுபடி உருவாக்க வேண்டும். இனிமேல் கணினியை அணைக்கும் முன் மரியாடிபிக்கு ஸ்டாப் கொடுங்கள்.

பட்டனில் மைஎஸ்க்யூஎல் என்று இருக்கிறது, உள்ளே போனால் மரியாடிபி என்கிறது. எது உண்மை?

உள்ளே ஓடுவது மரியாடிபி. மைஎஸ்க்யூஎல்லை 2008-இல் சன் நிறுவனம் வாங்கியது, சன்னை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-இல் அதே மூல நிரலிலிருந்து கிளை பிரித்தார். முதல் டேட்டாபேஸுக்கு மூத்த மகள் மை பெயர், இதற்கு இளைய மகள் மரியா பெயர். எக்ஸாம்ப் 2015-இல் மரியாடிபிக்கு மாறியது. பட்டனில் பழைய பெயர் நின்றுவிட்டது. அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் நடுவே தரவை மாற்றும்போது தெரியும். ஹோஸ்டிங் பற்றிய கேள்வியில் அது வருகிறது.

பிஹெச்பிமைஅட்மினுக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு என்ன?

எக்ஸாம்பிலும் வாம்ப்சர்வரிலும் யூசர் ரூட், பாஸ்வேர்டு காலி. மாம்ப்பில் இரண்டுமே ரூட். கதவு திறந்தே இருக்கிறது என்பது உண்மைதான். வீட்டுக்குள் நீங்கள் மட்டும் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. பாஸ்வேர்டு வைத்தால் பிஹெச்பிமைஅட்மினின் அமைப்பு ஃபைலிலும் அதையே எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்த நிமிடமே உங்களையே உள்ளே விடாது.

பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினேன், "அன்டிஃபைண்டு ஃபங்க்ஷன் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்" என்கிறது

அந்த ஃபங்க்ஷன் குடும்பத்தையே 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7.0-இல் நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் டேட்டாபேஸோடு இணைய உதவும் மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓ வழியில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். இதற்காகப் பழைய பிஹெச்பியைத் தேடிப் போட வேண்டாம். புத்தகத்தை மாற்றுவதே நல்லது.

பிஹெச்பி.ஐஎன்ஐ-யில் அப்லோடு அளவை 64 எம்பி ஆக்கினேன். இன்னும் பெரிய ஃபைல் ஏறவில்லை

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, நீங்கள் திருத்தியது பிஹெச்பியின் சரியான அமைப்பு ஃபைலா? ஒரே கணினியில் ஐந்தாறு ஐஎன்ஐ ஃபைல்கள் இருக்கலாம். பிஹெச்பிஇன்ஃபோ ஃபங்க்ஷனை மட்டும் அழைக்கும் ஒரு பக்கத்தை உருவாக்கி பிரவுசரில் திறந்தால், "லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்" என்ற வரியில் உண்மையான பாதை இருக்கும். வாம்ப்சர்வரில் அப்பாச்சிக்கு ஒரு ஃபைலும் கமாண்ட் லைனுக்கு வேறு ஃபைலும் உண்டு, அதனால் இதைப் பார்க்காமல் தொடவே கூடாது.

இரண்டாவது, வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இருந்தால் அது வெறும் குறிப்பு, பிஹெச்பி படிக்காது. மூன்றாவது, அப்லோடு வரம்பு ஒன்று, போஸ்ட் வரம்பு ஒன்று என்று இரண்டு உண்டு. பிஹெச்பியின் இயல்பான அளவு முறையே 2 எம்பி, 8 எம்பி. படிவம் முழுவதும் போஸ்ட் வரம்புக்குள் அடங்க வேண்டும், எனவே அதை அப்லோடு வரம்பைவிடப் பெரிதாக வையுங்கள். திருத்தியதும் அப்பாச்சியை ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள்; பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் மட்டும் போதாது.

தமிழில் டைப் செய்து சேமித்தால் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது

எழுத்து மூன்று இடங்களைக் கடக்கிறது: பிரவுசர் பக்கம், பிஹெச்பிக்கும் டேட்டாபேஸுக்கும் இடையிலான இணைப்பு, டேபிள். பலரும் பக்கத்தையும் டேபிளையும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்துக்கு மாற்றிவிட்டு நடுவில் உள்ள இணைப்பை மறந்துவிடுவார்கள். மைஎஸ்க்யூஎல்ஐ என்றால் இணைத்தவுடன் செட்_சார்செட் அழைத்து யூடிஎஃப்8எம்பி4 கொடுங்கள். பிடிஓ என்றால் இணைப்பு வரியிலேயே அதை எழுதுங்கள். டேட்டாபேஸிலேயே கேள்விக்குறியாக விழுந்துவிட்டால் அந்த எழுத்து மீளாது. மாறாக, புள்ளியும் கொம்பும் வைத்த மேற்கத்திய எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் பைட்டுகள் பத்திரமாக இருக்கும், மீட்கலாம்.

பழைய "யூடிஎஃப்8" போதாதா என்று கேட்பார்கள். மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயர் ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் இடம் தரும். நம் எழுத்துகளின் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட், அதனால் சாதாரணத் தமிழ் அதில் அடங்கிவிடும். எமோஜிக்கு 4 பைட் வேண்டும். 2019-இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, மா போன்ற தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் 4 பைட் வேண்டும். எம்பி4 வைத்துவிட்டால் எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

எழுத்து எண்ணிக்கையில் இன்னொரு நுட்பம். "தமிழ்" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். டிஸ்கில் 15 பைட். பிஹெச்பியின் எஸ்டிஆர்லென் 15 என்று சொல்லும், எம்பி_எஸ்டிஆர்லென் 5 என்று சொல்லும், கிராஃபீம்_எஸ்டிஆர்லென் 3 என்று சொல்லும். மூன்றாவதற்கு ஐஎன்டிஎல் எக்ஸ்டென்ஷன் இயக்கத்தில் இருக்க வேண்டும். டேபிளில் 20 என்று நீளம் வைத்துவிட்டு பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது என்பவர்கள் இதை நினைத்துப் பாருங்கள். அந்த 20 என்பது குறிகளின் எண்ணிக்கை.

என் போனில் இந்தத் தளத்தைத் திறந்து பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் அது போனையே குறிக்கும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கணினியின் உள் ஐபி எண்ணை, உதாரணமாக 192.168 என்று தொடங்குவதை, போனில் தட்டுங்கள். வரவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது. அந்த வைஃபை "பிரைவேட்" என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, அப்பாச்சிக்கு அங்கே அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பொது இடத்து வைஃபையில் இந்த அனுமதியைத் தராதீர்கள். முன்பு சொன்ன காலி பாஸ்வேர்டு அங்கேதான் ஆபத்தாகும்.

கேமரா, இருப்பிடம், சர்வீஸ் ஒர்க்கர் எல்லாம் கணினியில் வேலை செய்து போனில் மட்டும் செய்யவில்லை என்றால், அது உங்கள் கோடின் தவறு இல்லை. பிரவுசர்கள் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைப் பாதுகாப்பானதாக ஏற்றுக்கொள்ளும். சாதாரண ஐபி எண்ணை ஏற்காது. அப்போது எம்கேசெர்ட் போன்ற கருவியால் சான்றிதழ் உருவாக்கி, போனிலும் அதை நம்பச் சொல்லி, ஹெச்டிடிபிஎஸ் வழியாகத் திறக்க வேண்டும்.

லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டாமல் தளத்துக்குச் சொந்தப் பெயர் வைக்கலாமா? டெவ் என்று முடியும் பெயர் வைத்தேன், பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது

டெவ் வேண்டாம். அது கூகுளின் கையில் உள்ள உண்மையான டொமைன் முடிவு. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63-லிருந்து அந்த முடிவுள்ள எந்தப் பெயரையும் பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கே தள்ளுகிறது. லோக்கல் என்ற முடிவும் வேண்டாம். பிரிண்டர் போன்ற சாதனங்களை நெட்வொர்க்கில் தேட அதைப் பயன்படுத்துகிறார்கள். சோதனைக்கென்றே 1999-இல் ஒதுக்கிய முடிவு "டெஸ்ட்". அதையே வையுங்கள்.

பெயரை, பெயர்களுக்கு ஐபி எண் சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில், உங்கள் கணினியையே குறிக்கும் 127.0.0.1 எண்ணுக்கு எதிரே எழுதி, அப்பாச்சியில் அதற்கு ஒரு விர்ச்சுவல் ஹோஸ்ட் (அந்தப் பெயருக்கான தனி அமைப்பு) சேர்க்க வேண்டும். விண்டோஸில் நோட்பேடை அட்மினாகத் திறந்து ஹோஸ்ட்ஸைத் திருத்துங்கள். சேமிக்கும்போது பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளவில்லை என்று பாருங்கள். இதைச் செய்தபின் "லோக்கல்ஹோஸ்ட் தட்டினாலும் புதுத் தளமே வருகிறது" என்பார்கள். பெயர் பொருந்தாத கோரிக்கையை அப்பாச்சி முதல் விர்ச்சுவல் ஹோஸ்டுக்கு அனுப்பிவிடும். லோக்கல்ஹோஸ்டுக்கும் ஒன்று எழுதி அதை முதலில் வையுங்கள்.

லோக்கல்ஹோஸ்டும் 127.0.0.1-உம் ஒன்றுதானே? ஒன்றில் இணைகிறது, இன்னொன்றில் இணையவில்லை

ஒன்றல்ல. லினக்ஸிலும் மேக்கிலும் டேட்டாபேஸ் இணைப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால், நெட்வொர்க் வழியாகப் போகாமல் சாக்கெட் என்ற ஒரு ஃபைல் வழியாகப் போகும். பிஹெச்பி ஓரிடத்தில் அந்த ஃபைலைத் தேடி, மூட்டை அதை வேறிடத்தில் வைத்திருந்தால், 2002-ஆம் பிழையும் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்ற வரியும் வரும். 127.0.0.1 என்று எண்ணாக எழுதினால் போர்ட் வழியாகப் போகும், இணைந்துவிடும். மேக்கில் மாம்ப் என்றால் அதன் டேட்டாபேஸ் போர்ட் 8889 என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விண்டோஸில் அறிகுறி வேறு. ஒவ்வொரு பக்கமும் ஒரு நொடி தாமதமாக வரும். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் முதலில் ஐபிவி6 முகவரியான ::1 ஆக விரிந்து, அங்கே டேட்டாபேஸ் இல்லாமல், அப்புறம் ஐபிவி4-க்கு வருகிறது. இங்கேயும் எண்ணை எழுதினால் சரியாகிவிடும்.

மேக்கில் அப்பாச்சி ஏற்கெனவே இருக்கிறதாமே, மாம்ப் எதற்கு?

அப்பாச்சி கூடவே வருகிறது, ஆனால் பிஹெச்பியை 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து ஆப்பிள் எடுத்துவிட்டது. எனவே மாம்ப், அல்லது டெர்மினல் பழகியவர்களுக்கு ஹோம்புரூ என்ற மென்பொருள் நிறுவும் கருவி. மேக்கில் மாம்ப் இயல்பாக 8888-இல் ஓடுவதால் 80-ஆம் போர்ட் சண்டை வராது.

லினக்ஸில் எக்ஸாம்ப் போட்டேன். ஹெச்டிடாக்ஸில் ஃபைல் வைக்கவே அனுமதி இல்லை என்கிறது. 777 கொடுக்கட்டுமா?

777 என்றால் கணினியில் உள்ள யாரும் எதையும் எழுதலாம். அதைப் பழக்கமாக்கிக்கொண்டால் நாளை உண்மையான சர்வரிலும் கை தானாக அதையே தட்டும். அந்தத் தளத்துக்கான ஃபோல்டரை மட்டும் உங்கள் யூசர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சர்வருக்குப் படிக்கும் உரிமை போதும். படம் ஏற்றும் ஃபோல்டருக்கு மட்டும் சர்வருக்கு எழுதும் உரிமை கொடுங்கள்.

இன்னும் நல்ல வழி, எக்ஸாம்பை எடுத்துவிட்டு உங்கள் லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து அப்பாச்சி, மரியாடிபி, பிஹெச்பியைப் போடுவது. பாதுகாப்புத் திருத்தங்கள் மற்ற அப்டேட்டுகளோடு சேர்ந்து வரும், நீங்கள் பழகுவதும் பல ஹோஸ்டிங் சர்வர்களில் இருக்கும் அதே அமைப்பு. டெபியன், உபுண்டுவில் டேட்டாபேஸ் ரூட் யூசர் பாஸ்வேர்டால் அல்ல, கணினியின் ரூட் கணக்கால் அடையாளம் காணப்படுவார். அதனால் பிஹெச்பியிலிருந்து ரூட்டாக நுழைய முயன்றால் மறுக்கும். தளத்துக்கென்று தனி யூசரை உருவாக்குங்கள்.

என் கணினியில் நன்றாக ஓடிய தளம் ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் ஓடவில்லை

முதல் சந்தேகம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸும் இயல்பான அமைப்பில் மேக்கும் ஃபைல் பெயரில் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். ஃபைல் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, கோடில் சிறிய எழுத்தில் இருந்தால் இங்கே ஓடும், அங்கே 404. டேபிள் பெயர்களுக்கும் இதே கதை. எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

அடுத்தது டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல் 8-இல் எடுத்த எக்ஸ்போர்ட்டை மரியாடிபியில் இம்போர்ட் செய்தால், 0900 என்ற எண் பெயரில் வரும் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) தெரியாது என்று பல பதிப்புகள் 1273-ஆம் பிழை கொடுக்கும். எக்ஸ்போர்ட் ஃபைலை எடிட்டரில் திறந்து, அந்தப் பெயரை யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்ற கொலேஷனாக மாற்றிவிடுங்கள். ஆனால் வேர்ட்பிரஸில் தள முகவரியை இப்படி எடிட்டரில் தேடி மாற்றாதீர்கள். அமைப்புகளில் சில, எழுத்து நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கும். நீளம் பொருந்தாவிட்டால் அந்த அமைப்பே தொலைந்துவிடும். அதற்கென்று இருக்கும் இடமாற்றக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

என் தளத்திலிருந்து மெயில் போகவே இல்லை

கணினியில் மெயில் சர்வர் இல்லை என்பதால். இருந்தாலும், வீட்டு இணைப்பிலிருந்து நேராக வரும் மெயிலைப் பெரிய சேவைகள் பெரும்பாலும் ஏற்காது. சோதிக்க மெயில்பிட் போன்ற திறமூலக் கருவி நல்லது. தளம் அனுப்பும் மெயில்களைப் பிடித்துவைத்து பிரவுசரில் காட்டும், வெளியே எதுவும் போகாது. உண்மையான வாடிக்கையாளர் பட்டியலோடு சோதிக்கும்போது அது பெரிய நிம்மதி.

இதையே 24 மணி நேரமும் ஓடவிட்டு, ஹோஸ்டிங் வாங்காமல் தளம் நடத்தலாமா?

வேண்டாம். எக்ஸாம்பை உருவாக்கியவர்களே இது வளர்ச்சிப் பணிக்கு, பொதுப் பயன்பாட்டுக்கு அல்ல என்று சொல்கிறார்கள். கற்பவருக்கு எதுவும் தடையாக இருக்கக் கூடாது என்று வேண்டுமென்றே பூட்டுகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு காலி, பிழைச் செய்திகள் முழுதாகத் திரையில். இதற்கு மேல், புதுப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மூட்டை தானாக அப்டேட் ஆகாது. நீங்கள்தான் கவனித்து மாற்ற வேண்டும்.

இயங்குதளமும் இதற்கு ஆனதல்ல. டெஸ்க்டாப் விண்டோஸின் உரிம ஒப்பந்தம் அதை சர்வர் மென்பொருளாகவோ வணிக ஹோஸ்டிங்குக்கோ பயன்படுத்த உரிமை தருவதில்லை. அப்டேட்டுக்காக அதுவே மறுதொடக்கம் செய்துகொள்ளும், சும்மா இருந்தால் தூங்கிவிடும். பல வீட்டு இணைப்புகளில் ஐபி எண்ணும் அவ்வப்போது மாறும். ஒருவருக்கு ஒரு மணி நேரம் காட்ட வேண்டும் என்றால், உங்கள் கணினியை இணையத்திலிருந்து அடையச் செய்யும் தற்காலிக டனல் சேவை போதும். காட்டி முடித்ததும் மூடிவிடுங்கள்.

எல்லோரும் டாக்கர் என்கிறார்களே, இனி எக்ஸாம்ப் பழகுவது வீணா?

வீணில்லை. டாக்கர் என்பது ஒவ்வொரு தளத்தின் மென்பொருள்களையும் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி. ஒரு குழுவில் ஐந்து பேருக்கும் ஒரே பதிப்புகள் வேண்டும், தளத்துக்குத் தளம் வேறு பிஹெச்பி வேண்டும் என்றால் டாக்கர்தான் சரி. ஆனால் விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸ் கண்டெய்னர்கள் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினிக்குள் ஓடுகின்றன. நினைவகம் குறைவான கணினியில் அந்தச் சுமை தெரியும். போர்ட், லாக், சார்செட், அனுமதி என்று மேலே பார்த்த எல்லாம் அங்கேயும் அப்படியே வரும். டேட்டாபேஸே தேவையில்லாத சின்னப் பயிற்சி என்றால் இரண்டும் வேண்டாம், பிஹெச்பி 5.4-லிருந்து அதற்குள்ளேயே ஒரு சிறிய சோதனை சர்வர் இருக்கிறது.

எக்ஸாம்பை அன்இன்ஸ்டால் செய்து புதுப் பதிப்பு போடப் போகிறேன். என் தளங்கள் இருக்குமா?

இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். உங்கள் டேட்டாபேஸ்கள் எக்ஸாம்ப் ஃபோல்டருக்குள் இருக்கின்றன, ஃபோல்டர் போனால் அவையும் போகும். நீக்கும் முன் ஹெச்டிடாக்ஸைப் பிரதி எடுங்கள், எல்லா டேட்டாபேஸையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், திருத்திய ஐஎன்ஐ ஃபைலையும் விர்ச்சுவல் ஹோஸ்ட் ஃபைலையும் எடுத்து வையுங்கள். புதியது வந்ததும் பழைய டேட்டா ஃபோல்டரை அப்படியே அதன்மேல் ஒட்ட வேண்டாம்; இம்போர்ட் செய்யுங்கள். ஐஎன்ஐ ஃபைலையும் மேலே ஒட்டாமல், உங்கள் மாற்றங்களை மட்டும் புதியதில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். எல்லாத் தளங்களும் திறக்கின்றன என்று பார்த்த பிறகு பழைய பிரதியை அழித்தால் போதும்.